ஒரே தோட்டம், ஒரே டாங்கி மருந்து, ஐந்து பயிர்: தம்பலகாமத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தம்பலகாமத்தில் வயல்வெளியை ஒட்டியுள்ள முக்கால் ஏக்கர் மேட்டுக் காணி அது. வயலுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. தோட்டம் விவசாயக் கிணற்றை நம்பியிருக்கிறது. சிறுபோகத்தில் காணியின் பெரும்பகுதி மிளகாய். கிழக்குப் பக்கம் வெண்டி, பந்தலில் பயிற்றையும் புடோலும், வயல் வரம்போடு ஒரு நீட்டுக்குத் தக்காளி. ஆனி பிறந்து கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்கிய நேரத்தில் ஐந்து பயிரும் கோணிப்போயின. இலை சுருண்டது, மஞ்சளித்தது, நுனி குறுகியது, பூ கொட்டியது. செய்கைக்காரர் எல்லாவற்றையும் குருமன், அதாவது இலை சுருளும் நோய், என்றே சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத்தான் அடித்துக்கொண்டும் இருந்தார்.

16 லீற்றர் டாங்கியில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து, அதோடு வேறொரு போத்தலில் வாங்கிய அசெட்டமிபிரிட், மேலே இலைக்கு அடிக்கும் திரவ உரம். முதலில் கிழமைக்கு ஒரு தடவை, காற்று கூடியதும் இரண்டு தடவை. இடையிடையே அவருடைய மனைவி வேப்பிலை, உள்ளி, கொச்சிக்காய் மூன்றையும் இடித்து ஊறவைத்து வடித்த கரைசல். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்து நவம்பரில் விலக்கப்படும்வரை அந்த வீட்டில் அந்தக் கரைசலோடுதான் தோட்டம் ஓடியது. பழக்கம் விட்டுப்போகவில்லை.

“பசளைக் காசை விட மருந்துக் காசுதான் கடைக் கொப்பியில கூட, தம்பி. அடிச்ச அடுத்த கிழமை கொஞ்சம் பச்சை பிடிக்குது, பிறகு பழைய கதைதான்” என்றார் அந்த அண்ணன்.

அந்தக் கொஞ்சப் பச்சையைத் தந்தது திரவ உரம். இலைவழி நைதரசன் போனால் நோயாளிச் செடியும் சில நாள் பளபளக்கும். மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை பல தோட்டங்களில் இந்தப் பளபளப்பில்தான் நிற்கிறது. டாங்கியில் உரத்தைச் சேர்க்காமல் ஒரு தடவை அடித்துப் பார்த்தாலே விஷயம் வெளுத்துவிடும். ஆனால் கடையில் அதைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

இங்கே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். செடிக்குள் புகுந்த வைரசைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. இரசாயனமாகவும் கிடையாது, மூலிகையாகவும் கிடையாது. நாம் அடிப்பதெல்லாம் வைரசைச் சுமந்து வரும் பூச்சிக்கு. அந்தப் பூச்சி எது, அது வைரசை எப்படிச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தே அடித்த மருந்து காசாகும், அல்லது கரியாகும். இந்தத் தோட்டத்தில் இரண்டும் நடந்தன; வைரசே இல்லாத இடத்தில் வைரசுக்கு மருந்தடித்ததும் நடந்தது.

தக்காளியில் தொடங்குவோம்

தக்காளி வரிசையில் இலைகள் ஒடுங்கி, நரம்பெல்லாம் விசிறிபோல் நெருங்கி, காம்பு முறுகிக் கிடந்தன. பார்த்தவுடன் எவரும் வைரசு என்றே சொல்வார்கள். ஆனால் இரண்டு விஷயம் உறுத்தியது. வரிசையில் இருந்த அத்தனை செடியும் ஒரே அளவில், ஒரே வயது இலையில் கோணியிருந்தன. பூச்சி கொண்டுவரும் நோய் அப்படி வராது. இங்கொன்று அங்கொன்றாகத் தொடங்கி, நாளாக நாளாகப் பக்கத்துச் செடிக்குப் பரவும். அடுத்தது, வயல் பக்கம் இருந்த வெண்டிச் செடிகள் சிலவற்றிலும் அதே முறுகல். உள்ளே தள்ளி நின்ற வெண்டியில் அது இல்லை.

விசாரித்தால், வயலுக்கு அகன்ற இலைக் களைக்கு எம்.சி.பி.ஏ. அடித்திருக்கிறார்கள். காற்று வயலிலிருந்து தோட்டத்துப் பக்கம் வீசிய நாள் அது. தக்காளி, வெண்டி, மிளகாய் எல்லாம் அகன்ற இலைப் பயிர்கள். இந்த வகைக் களைநாசினியின் மிகச் சிறு தூறலுக்கே வளைந்துகொடுத்துவிடும். போதாக்குறைக்கு வயலுக்கு அடித்த அதே டாங்கியைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத் தோட்டத்துக்கும் எடுத்திருந்தார். ஒரு அலசலில் போகிற சாமான் அல்ல அது. குழாயிலும் முனையிலும் தங்கும்.

தக்காளிக்கு மருந்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் ஒழுங்காகக் கட்டச் சொன்னோம். பிறகு வந்த துளிர்கள் ஏறக்குறைய நேராக வந்தன. வைரசு பிடித்த செடி அப்படித் தேறாது. அந்த வரிசைக்கு அதுவரை அடித்த பூச்சிமருந்து அவ்வளவும் வீண். வயலும் தோட்டமும் அருகருகே இருக்கிற தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். களைநாசினிக்கென்று தனி டாங்கி வைத்திருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மிளகாய்: மூன்று சுருளல்

மிளகாயில் சுருளலைத் தருபவர்கள் மூவர். பனிப்பூச்சி உறிஞ்சினால் இலை விளிம்பு மேல்நோக்கி மடியும். அடிப்பக்கம் வெள்ளி, செம்பு நிறத்தில் தழும்பாகும். சிற்றுண்ணி என்றால் விளிம்பு கீழ்நோக்கி மடியும், இலை ஒடுங்கும், காம்பு நீளும், துளிர் தடித்துக் கருகும். வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரசு என்றால் இலை மேல்நோக்கிச் சுருள்வதோடு நரம்பு தடிக்கும், நரம்புக்கு இடைப்பட்ட பகுதி புடைக்கும், கணுவிடை குறுகும், செடி பற்றைபோல் நின்று பூவைக் கொட்டும். புத்தகத்தில் மூன்றும் தெளிவாகப் பிரிந்து கிடக்கும். தோட்டத்தில் ஒரே செடியில் மூன்றும் இருக்கும்.

பத்து மடங்கு பெருக்கும் சிறு கைவில்லை ஒன்று இருந்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும். துளிரின் அடியில் பார்த்தபோது தோட்டத்தின் தெற்குப் பக்கத்தில் சிற்றுண்ணிதான் மண்டியிருந்தது. அது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் சிலந்தி இனம். அவர் கிழமை தவறாமல் அடித்த இமிடாகுளோபிரிட்டுக்கும் அசெட்டமிபிரிட்டுக்கும் அதனிடத்தில் வேலை இல்லை. அந்த இரண்டும் ஒரே குடும்பத்து நஞ்சு என்பது இன்னொரு கதை. பெயர் வேறு, போத்தல் வேறு, ஆனால் பூச்சியின் நரம்பில் போய் அடிக்கும் இடம் ஒன்று. ஒன்றுக்கு எதிர்ப்புப் பிடித்த வெள்ளை ஈ மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். தயாமெதொக்சமும் அதே கூட்டம். கடை மாறி வாங்கினால் மருந்து மாறிவிட்டது என்று நினைக்கிறோம்.

தெற்குப் பக்கத்தில் சில பாத்திகளுக்கு நனையும் கந்தகத்தை மட்டும் அடித்துப் பார்க்க முடிவானது. வெயில் ஏறுமுன் காலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. கந்தகம் அடித்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கிழமைக்கு வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ அந்தச் செடிக்குப் போகக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். அண்ணனின் மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, இதில் மனத்தாங்கல்தான். “அப்ப என்ர கரைசலை எங்க ஊத்துறது?” என்று கேட்டார். உள்ளிக் கரைசலில் எண்ணெய் கிடையாது, அது பரவாயில்லை என்றதும் சமாதானமானார்.

கந்தகம் போன பாத்திகளில் புதுத் துளிர் பெரும்பாலும் விரிந்து வந்தது. விரியாமல் குறுகியே நின்றவற்றைத்தான் வைரசு என்று எடுத்துக்கொண்டோம். ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பாமலே ஒரு செய்கைக்காரர் தன் கையால் செய்யக்கூடிய சோதனை இதுதான்: சிற்றுண்ணிக்கு மட்டும் மருந்து கொடு, அடுத்த துளிரைப் பார். வடக்குப் பக்கத்தில், பழைய மிளகாய்க் கட்டைகளைப் பிடுங்காமல் விட்டிருந்த பக்கத்துக் காணியை ஒட்டி, உண்மையான இலைச்சுருள் வைரசு இருந்தது. அங்கே எதுவும் தேறவில்லை.

வெண்டியும் வெள்ளை ஈயும்

வெண்டியில் குழப்பம் இல்லை. பச்சை இலையில் நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரியும். பிறகு இலை முழுக்க மஞ்சளாகும், காய் வெளிறி நார் பிடிக்கும். மஞ்சள் நரம்புச் சித்திரவடிவ நோய். இதையும் வெள்ளை ஈதான் கொண்டுவருகிறது, மிளகாய் இலைச்சுருளைப் போலவே.

வெள்ளை ஈ இந்த வகை வைரசைச் சுமக்கும் முறையைப் புரிந்துகொண்டால் மருந்து எங்கே உதவும் என்பது தானாகத் தெரியும். நோயுள்ள செடியில் அது நிதானமாக அமர்ந்து, சாறு ஓடும் குழாய்வரை ஊசியை இறக்கிக் குடிக்கவேண்டும். சில நிமிடம் முதல் அரை மணிவரை எடுக்கலாம். வைரசு அதன் குடலைக் கடந்து, உடல் திரவத்தில் ஓடி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர மேலும் பல மணிநேரம் வேண்டும். அதன்பிறகுதான் அந்த ஈ நோய் பரப்பும். பிறகு நீண்ட நாள், பெரும்பாலும் சாகும்வரை பரப்பும். ஆக, நோயை எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி கிடைக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகும் பரவலை அந்த இடைவெளியில் மருந்து வெட்டும். வெளியிலிருந்து ஏற்கெனவே வைரசோடு பறந்து வரும் ஈயை அவ்வளவு சுலபமாக வெட்டாது. அது செத்து விழுமுன் ஒரு தடவை குடித்துவிடும். செடியின் சாற்றுக்குள் ஓடும் ஊடுருவல் மருந்து அந்தக் குடியைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது.

இதனால்தான் நாற்றுமேடையும் நட்ட முதல் மாதமும் முக்கியமாகின்றன. இளஞ்செடியில் ஏறிய வைரசு செடியைக் காய்க்கவே விடாது. காய்த்துக்கொண்டிருக்கும் செடியில் ஏறினால் விளைச்சல் குறையும், அவ்வளவுதான். அண்ணன் செய்தது நேர் எதிர்: நாற்றுமேடைக்கு ஒன்றும் செய்யவில்லை, வலையும் கிடையாது. வாடகை உழவு இயந்திரம் வர நாளாகி நாற்று முற்றிக்கொண்டிருந்தபோதே நரம்பு தடித்திருக்கவேண்டும். நோய் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மருந்துச் செலவு தொடங்கியது. அப்போது வைரசு செடிக்குள் குடியேறிக் கிழமைகள் ஆகிவிட்டன.

வெண்டிக்கு ஊடுருவல் மருந்து அடிப்பதில் வேறு பிரச்சினையும் இருக்கிறது. ஒன்றைவிட்டொருநாள் பறிக்கும் காய் அது. பயிற்றையும் அப்படித்தான். லேபலில் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். காய்க்கிற வெண்டியில் அந்த நாளைக் காத்தால் காய் முற்றி விறகாகும். காக்காவிட்டால் மருந்தோடு திருகோணமலைச் சந்தைக்குப் போகும். என்னைக் கேட்டால், காய்க்கத் தொடங்கிய வெண்டிக்கும் பயிற்றைக்கும் இந்தக் குடும்பத்து மருந்தே வேண்டாம்.

பந்தலில் மருந்து தோற்ற இடம்

பயிற்றையில் நரம்போரம் கரும்பச்சை, இடையில் வெளிர்பச்சை, இலை மேடுபள்ளம். புடோலில் அதைவிட மோசம். நுனி இலைகள் சதை இல்லாமல் நார்நாராக நின்றன. இந்த இரண்டுக்கும் அண்ணன் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் அடித்திருந்தார். இங்கேதான் மருந்து முழுக்கத் தோற்றது. தோற்கத்தான் வேண்டும்.

இவற்றைப் பரப்புவது அழுக்கணவன் (அசுவினி) என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி. வெள்ளை ஈ மாதிரி இது குடலுக்குள் வைரசைக் கொண்டுபோவதில்லை. ஊசிமுனையில் ஒட்டிய மை போல, வாய்முனையில் ஒட்டவைத்துக்கொண்டு அடுத்த செடியில் வைத்துவிடும். ஓர் இலையில் இறங்கி, ருசி பார்க்க ஒரு குத்து. சில வினாடி போதும் எடுக்க, சில வினாடி போதும் கொடுக்க. உலகத்தில் எந்தப் பூச்சிமருந்தும் சில வினாடியில் கொல்லாது. இன்னொன்று, மருந்து நெடி பட்டு நிலைகொள்ளாமல் போன அழுக்கணவன் இருந்த இடத்தில் இராது. செடி செடியாகத் தாவிக் குத்திப் பார்க்கும். பைரித்திரொயிட் வகை மருந்து அடித்த இடங்களில் இந்தப் பதற்றம் பரவலைக் கூட்டிவிடக்கூடும். அதே மருந்து வெள்ளை ஈயைத் தின்னும் நன்மைப் பூச்சிகளையும் கொல்வதால் அங்கேயும் கணக்கு தலைகீழாகும்.

“புடோல்ல ஒரு பூச்சியையும் காணேல்ல தம்பி, பிறகெப்படி?” என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. புடோலில் குடியிருக்கும் அழுக்கணவன் தேவையே இல்லை. சிறகு முளைத்துக் கடந்து போகிறவை, இது தன் பயிர் அல்ல என்று ஒரு குத்தில் தெரிந்துகொண்டு பறந்துவிடுகிறவை, அவையே போதும். செடியில் பூச்சி தெரியாமலே பந்தல் முழுக்க நோய் வரும்.

அப்படியானால் வைரசு எங்கிருந்து வந்தது? பயிற்றைக்கு விடை சுலபம். விதை அவர் சொந்தமாக எடுத்தது. போன போகத்தில் காய் முற்றி மிஞ்சிய கொடிகளிலிருந்து, அதாவது நல்ல காயையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, குன்றிப்போன கொடிகளில் எஞ்சியதிலிருந்து. பயிற்றையின் சித்திரவடிவ வைரசு விதைவழி வரும். விதையில் ஒரு சிறு பங்கு நோயோடு முளைத்தாலே போதும். மீதியை அழுக்கணவன் பார்த்துக்கொள்ளும். புடோலுக்கு, வீட்டின் பின்புறம் நின்ற பப்பாசியின் மேல் எனக்குச் சந்தேகம். காயில் வளையம் வளையமாகப் புள்ளி, இலை ஒடுங்கல். பப்பாசி வளையப்புள்ளி வைரசு வெள்ளரி, புடோல் குடும்பத்துக்கும் ஏறும். அந்த மரத்தை வெட்ட அக்காவுக்கு மனமில்லை. காய்க்கிற மரத்தை யார் வெட்டுவார்கள்?

தாவரக் கரைசல்கள்: எது எதற்கு

வேம்பை எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறார்கள்; ஆனால் வேப்பிலை, வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைப் பருப்பு மூன்றும் ஒன்றல்ல. பூச்சியின் பசியையும் தோலுரிப்பையும் கெடுக்கும் அசாடிராக்டின் கொட்டைப் பருப்பில்தான் செறிவாக இருக்கிறது, இலையில் கொஞ்சம். திருகோணமலையில் வேப்பம்பழம் உதிரும் காலம் சிறுபோகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. பொறுக்கி, தோல் நீக்கி, நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த போகத்துக்கு ஆகும். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துச் சத்துப் போய்விடும். லீற்றருக்கு 50 கிராம் பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, இலையில் ஒட்டக் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து அன்றே அடிக்கவேண்டும். மாலையில். வெயில் அசாடிராக்டினைச் சில நாளில் சிதைத்துவிடும். ஆகவே கிழமைக்கு ஒன்று அடிக்காவிட்டால் அடிக்காததற்குச் சமம்.

இது வெள்ளை ஈயின் குஞ்சுப் பருவத்தைக் குறைக்கும். வளர்ந்த ஈயை உடனே கொல்லாது. வேப்பெண்ணெய்க்கு இன்னொரு பயன் உண்டு: இலைமேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அழுக்கணவனின் வாய்முனையில் வைரசு ஒட்டுவதும் கழல்வதும் தடைப்படும். வினாடியில் நடக்கும் பரவலைத் தடுக்கக் கூடிய தெளிப்பு என்று ஒன்று இருந்தால் அது எண்ணெய்தான். கனிய எண்ணெயை மேலை நாடுகளின் உருளைக்கிழங்கு விதைத் தோட்டங்களில் இதற்காகவே அடிக்கிறார்கள். புதுத் துளிரில் படலம் இராது என்பதால் வளரும் கொடியில் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். கச்சான் வெயிலில் அளவு கூடினால் இலை எரியும். லீற்றருக்கு 5 மில்லி லீற்றருக்கு மேல் போகவேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

உள்ளி, கொச்சிக்காய்க் கரைசலின் காரமும் நெடியும் சில மணிநேரத்துக்குப் பூச்சியை விரட்டும். அதில் கலக்கும் சவர்க்காரம் மேலே பட்ட மெல்லுடல் பூச்சியைக் கொல்லும். காய்ந்தபின் ஒன்றும் மிஞ்சாது. கெடுதி இல்லை; அதிலிருந்து நோய்க்குக் குணம் எதிர்பார்க்கக்கூடாது.

வேறு வகையும் இருக்கிறது. மூக்கிரட்டை வேர், அந்திமந்தாரை இலை, போகன்வில்லா இலை, காய்ந்த தென்னோலை, இறுங்கு இலை: இவற்றின் சாறு பூச்சிக்கு ஒன்றும் செய்யாது. செடியின் எதிர்ப்பை முன்கூட்டியே எழுப்பிவிடும். தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலை மொட்டழுகல் வைரசுக்கு தென்னோலை அல்லது இறுங்குச் சாற்றைப் பரிந்துரைக்கிறது. 1 கிலோ காய்ந்த ஓலைத் தூளை 2 லீற்றர் தண்ணீரில் 60 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம் சூடாக்கி, வடித்து, 10 லீற்றராக்கி, விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும் அடிப்பது. நாள்களைப் பாருங்கள். முளைத்துவந்த கையோடு அடிக்கிறார்கள், நோய் வந்த பிறகல்ல. ஓலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதைச் செய்துபார்ப்பதில் நட்டம் கிடையாது. மஞ்சளாகிப்போன வெண்டியில் ஊற்றுவதில் பயனும் கிடையாது.

புகையிலைக் கஷாயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் அதைத்தான் சிபாரிசு செய்திருந்தார். நிக்கொட்டின் பூச்சியைக் கொல்லும், உண்மை. அடிக்கிற ஆளின் தோலிலும் ஏறும். அதைவிட, புகையிலைச் சித்திரவடிவ வைரசு காய்ந்த புகையிலையில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரணச் சூட்டுக்கு மசியாது, மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொட்டாலே தொற்றும். வைரசுக்கு மருந்து என்று வைரசையே அடிப்பது இது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் நாற்றைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதும் இதே காரணத்துக்காக. நாற்று நடும்போது விரலைப் பாலில் தோய்த்துக்கொள்ளும் முறையும் உண்டு. பாலின் புரதம் அந்த வைரசைக் கட்டிப்போடும்.

அடுத்த சிறுபோகம்

மிளகாய் நாற்றுமேடைக்கு, அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் உள்ள பூச்சி வலை. வலையின் விலையைக் கேட்டு அண்ணன் முகம் சுளித்தார். கடைக் கொப்பியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பேசாமல் வாங்கினார். நாற்று பிடுங்குவதற்கு முன் ஊடுருவல் மருந்து ஒரே ஒரு தடவை, அடியில் ஊற்றி, லேபலில் சொன்ன அளவில். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்து மருந்து தோட்டத்துக்குள் வரவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் கிழமைக்கு ஒன்று. காணியைச் சுற்றி, நடுகைக்கு ஒரு மாதம் முன்பே நெருக்கமாகச் சோளன் இரண்டு வரிசை. கச்சானோடு வரும் வெள்ளை ஈயை உயரத்தில் மறிக்கவும், அழுக்கணவன் முதலில் சோளனில் குத்தி வாயைத் துடைத்துக்கொள்ளவும். சோளனுக்கு இந்த வைரசுகள் ஏறா. மஞ்சள் பொலித்தீனில் கிறீஸ் பூசிச் சில இடத்தில் கட்டினோம். அது ஈயை ஒழிப்பதற்கல்ல. எப்போது வந்து இறங்குகிறது என்று பார்ப்பதற்கு.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டார். கொழுத்த துளிரைத்தான் உறிஞ்சும் பூச்சி தேடும். முதல் மாதத்தில் சந்தேகமான செடியைக் கண்டால் பிடுங்கிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டுதான் வெளியே எடுப்பது. உதறினால் ஈ அடுத்த செடிக்குப் போகும். இதில்தான் அவருக்குக் கைவரவில்லை. வளர்த்த செடியைப் பிடுங்கச் சொன்னால் யாருக்கும் கைவராது. அக்காதான் காலையில் ஈரம் காயுமுன் போய்ப் பிடுங்கினார்; அந்த நேரத்தில் ஈ சோம்பிக் கிடக்கும்.

பயிற்றைக்கு விதை, முன்பே தனியாக விட்டுச் சிவப்பு நூல் கட்டிய நல்ல கொடிகளிலிருந்து. கொடி முளைத்தவுடன் குன்றியவற்றை எடுத்துவிட்டார்கள். பூச்சிமருந்து கிடையாது, வேப்பெண்ணெய் மட்டும்.

மிளகாய் நன்றாக எழும்பியது. பக்கத்துக் காணியின் பழைய கட்டைகளுக்கு அருகில் சில வரிசைகள் மீண்டும் சுருண்டன. மற்றபடி முந்திய போகத்தோடு ஒப்பிட முடியாது. தெற்கில் சிற்றுண்ணி வந்தது, கந்தகத்துக்கு அடங்கியது. வலைக்குள் நின்ற நாற்றுகளுக்குத் தென்னோலைச் சாறும் அடித்திருந்தார்கள். ஊரில் இப்போது சாற்றின் புகழ்தான் பேசப்படுகிறது. வலையும் சாறும் ஒரே மேடைக்குப் போனதால் பெயரைச் சாற்றுக்கு மட்டும் எழுதிவைக்க நான் தயாரில்லை. வலையில்லாமல் சாறு மட்டும் அடித்த மேடை ஒன்றைப் பக்கத்தில் போட்டால்தான் அந்தப் பேச்சு தீரும்; வருகிற முறைக்கு ஒரு சிறு மேடை ஒதுக்க அண்ணன் சம்மதித்திருக்கிறார்.

பயிற்றை முதல் பறியலிலிருந்து காய்ப்பு ஓயும்வரை தாக்குப்பிடித்தது. கடைசிக் காலத்தில் சித்திரவடிவம் வந்தது, அதற்குள் வரவேண்டிய காசு வந்துவிட்டது. புடோலைக் காப்பாற்ற முடியவில்லை. பப்பாசி இன்னும் நிற்கிறது.

வெண்டியைச் சிறுபோகத்தில் போடுவதையே விட்டுவிட்டார். பெரும்போகத்து மழை வெள்ளை ஈயை அடித்து இறக்கும். வெண்டியை அதற்கு மாற்றியாயிற்று. வகை எது வாங்குவது என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும், கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்; நரம்பு மஞ்சளாதலைத் தாங்கும் வகையா என்று குறிப்பாகக் கேட்கவேண்டும். பக்கத்துக் காணிக்காரரின் பழைய மிளகாய்க் கட்டைகள்தான் இனிப் பேசவேண்டிய விஷயம். காய்ப்பு முடிந்த தோட்டத்தைப் பிடுங்க அவருக்குக் கூலி ஆள் வேண்டும், அந்தக் கூலியில் பாதியைத் தான் கொடுக்கலாம் என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை டாங்கி நிரப்பும் காசை விட அது அதிகம் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.